கூட வந்தவர்

ஒன்றைக் கேட்டு வாங்குகிறோம். அதோடு இன்னொன்று கூட வருகிறது. கேட்டது ஒரு நாள் போய்விட்டால், கூட வந்தது எந்த உரிமையில் அங்கே இருக்கிறது?

ரூட்டம்மாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் அதை வாய்விட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் மையக் கணினியான சர்வரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த சர்வரில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதில் எதையும் செய்ய அதிகாரம் உள்ள கணக்குக்கு ரூட் என்று பெயர். அதன் கடவுச்சொல் இவர் ஒருவரிடம் மட்டும் இருந்ததால் ரூட்டம்மா. பெயர் வைத்தவர் டோக்கன். கவுன்டரில் உட்கார்ந்து நோயாளிகளின் எண்ணைக் கூவுகிறவர். அந்தப் பெயரும் யாரோ அவருக்கு வைத்ததுதான்.

ரூட்டம்மா நல்லவர் என்று சாட்சி சொல்ல யாரும் முந்திக்கொண்டு வரமாட்டார்கள். சிடுசிடுப்பு அதிகம். கேள்வி கேட்டால் கேட்டவருடைய அறியாமையைச் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார். ஐம்பதைத் தாண்டியவர், திருமணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு ஒரு கதையும் கிடையாது. காலம் போயிற்று, அவ்வளவுதான்.

அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது, தம்பி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அம்மாவை நான் வச்சுக்கறேன்." நல்ல வார்த்தை. அம்மாவின் சக்கர நாற்காலியை ஏற்றிய அதே வேனில் ரூட்டம்மாவும் ஏறினார். அவர் இல்லாமல் அம்மாவைக் குளிப்பாட்டவோ புரட்டிப் படுக்க வைக்கவோ முடியாது. அதனால் வாங்க என்று யாரும் சொல்லவில்லை; வராதீங்க என்றும் சொல்லவில்லை. தம்பி வீட்டில் இரண்டு கட்டில் போட்ட அறை ஒன்று ஒழித்துக் கொடுக்கப்பட்டது. ஒரு கட்டில் அம்மாவுக்கு. இன்னொன்று, அம்மாவுக்குத் தேவையான ஆளுக்கு.

அவர் வேலையிலும் இதே ஏற்பாடு உண்டு. லினக்ஸில் ஒரு மென்பொருளைப் பேக்கேஜ் என்பார்கள். ஒரு பேக்கேஜை நிறுவச் சொன்னால், அது தனியாக வராது. தனக்கு வேண்டிய நாலைந்தைக் கூட்டிக்கொண்டு வரும். அந்த நாலைந்தும் தங்களுக்கு வேண்டியதைக் கூட்டிவரும். அமைப்பு இதையெல்லாம் மறக்காமல் குறித்துக்கொள்கிறது: இது கேட்டு வந்தது, இது கூட வந்தது. கேட்டு வந்ததை நீக்கிவிட்டால், கூட வந்தவற்றை வரிசையாகக் காட்டி, "இவை இனி தேவையில்லை" என்கிறது. சில இடங்களில் அவற்றுக்கு அனாதைகள் என்றே பெயர். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளிவிடலாம்.

ரூட்டம்மா அப்படிப் பெருக்கமாட்டார். ஒவ்வொரு பெயராக எடுத்து இரண்டு கேள்வி கேட்பார். இதற்கு யார் வேண்டும்? இது யாருக்கு வேண்டும்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள்; அதைக் கேட்காமல் எதுவும் ஓடாது. இரண்டாவதைக் கேட்க ஆள் குறைவு. அதற்கும் அமைப்பு பதில் சொல்லும், ஆனால் தனக்குத் தெரிந்தவரை மட்டும். பேக்கேஜுக்குப் பேக்கேஜ் உள்ள சார்பு அதற்குத் தெரியும். மனிதர் கைப்பட எழுதி ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கும் சின்ன நிரல் எதை நம்பி ஓடுகிறது என்பது தெரியாது. ஆகவே அவர் தன் நிரல்கள் கிடக்கும் இடத்தையும் ஒரு முறை துழாவிவிட்டுத்தான் எதையும் நீக்குவார்.

அம்மா போனார். தூக்கத்திலேயே. எல்லோரும் அதை நல்ல சாவு என்றார்கள்.

சில வாரம் கழித்து ஒரு காலை, சாப்பாட்டு மேசையில் தம்பி மனைவி பேச்சை எடுத்தார். பள்ளியில் கணக்கு ஆசிரியை. எதையும் நேராகப் பேசிப் பழகியவர், அன்று மட்டும் சுற்றி வந்தார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்து என்ன பண்றதா இருக்கீங்க?"

"எதுக்கு அடுத்து?"

"இல்ல... எங்கம்மாவுக்கு முட்டி சுத்தமா போயிடுச்சு. தனியா இருக்க முடியல. கூட்டிட்டு வரலாம்னு பாக்கறோம். அந்த ரூம்தான்..."

"ரெண்டு கட்டில் இருக்கே."

"இருக்கு. ஆனா உங்களுக்கும் ஒரு தனி இடம்னு வேணும்ல?"

தம்பி கைபேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். "அவசரம் ஒண்ணுமில்லக்கா. மெதுவா பாத்துக்கலாம்" என்றார், தலை நிமிராமல்.

மெதுவாக என்று யாராவது சொன்னால், தேதி ஏற்கெனவே குறித்தாகிவிட்டது என்று அர்த்தம். ரூட்டம்மா தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

பரிசோதனைக் கூடத்தில் மாப்பிள்ளை சார் காத்திருந்தார். முதலாளியின் மருமகன். முதலாளி ஓய்வெடுக்கப் போனதிலிருந்து எல்லாம் இவர்தான். வயதில் ரூட்டம்மாவைவிட ரொம்பச் சின்னவர்.

"என்னம்மா, சர்வர்ல வேண்டாதது ஏகப்பட்டது கெடக்காம். ஆடிட்காரங்க எழுதிட்டுப் போயிருக்காங்க. இன்னிக்கே க்ளீன் பண்ணிடுங்க."

"ஒவ்வொண்ணா பாக்கணும் சார். ஒரு வாரம் குடுங்க."

"எது வேண்டாம்னு சிஸ்டமே சொல்லுதாமே? அப்புறம் ஆளு எதுக்குப் பாக்கணும்?"

வேறொரு நாளாயிருந்தால் ரூட்டம்மா அவர் வாயை அடைத்திருப்பார். அன்று பேசாமல் போய் உட்கார்ந்தார். யாரும் பயன்படுத்தாத பெரிய ஆவண மென்பொருள் ஒன்று இருந்தது, அதை நீக்கினார். அமைப்பு வழக்கம்போல நீளமாக ஒரு வரிசையைக் காட்டி, இவை இனி தேவையில்லை, நீக்கட்டுமா என்றது. அவர் படிக்கவில்லை. ஆம் என்று தட்டினார். தெரியாதவர் செய்த தவறு இல்லை அது, தெரிந்தவர் செய்தது. இரண்டில் எதற்கு மன்னிப்புக் குறைவு என்பது பழைய விவாதம்.

மறுநாள் காலை ரிப்போர்ட்டுகள் வெறுமையாக வந்தன. கூடத்தின் பெயரும் மருத்துவரின் கையெழுத்தும் முன்கூட்டியே அச்சடித்த தாள்கள் அவை. மேலே பெயர் இருந்தது, கீழே கையெழுத்து இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு லாரி ஓட்டுநர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, ஒண்ணுமே இல்ல?"

"அப்ப உங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்றார் டோக்கன்.

யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒருவருடைய அப்பாவை அறுவை சிகிச்சைக்குப் படுக்க வைத்திருந்தார்கள். ரிப்போர்ட் வந்தால்தான் உள்ளே கொண்டுபோவார்கள். அவர் கவுன்டரைத் தட்டித் தட்டிக் கத்தினார். டோக்கன் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"ரூட்டம்மா, வெளிய அடி விழும்போல இருக்கு!"

அதற்குள் அவருக்கு விளங்கியிருந்தது. இயந்திரம் தரும் எண்களைத் தாளில் அச்சிடும் வடிவத்துக்கு மாற்ற அவர் எப்போதோ ஒரு நிரல் எழுதியிருந்தார். அது ஒரு சின்னஞ்சிறு பேக்கேஜை நம்பி ஓடியது. அந்தப் பேக்கேஜ், நேற்று நீக்கிய பெரிய மென்பொருளோடு கூட வந்தது. தினமும் நூற்றுக்கணக்கான பேருடைய சர்க்கரையும் உப்பும் அதன் வழியாகத்தான் தாளுக்கு வந்தன. ஆனால் பெயர் சொல்லி அதை யாரும் என்றைக்கும் கேட்டதில்லை.

திரும்ப நிறுவுவதும் சுலபமாக இல்லை. பாதுகாப்புக்காக அந்த சர்வருக்கு இணைய இணைப்பு கிடையாது. கவுன்டர் கணினியில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, உள்ளே கொண்டுபோய்ச் செருக வேண்டும். செருகினால், எனக்கு இன்னொன்று வேண்டும் என்றது. திரும்ப வெளியே. அதைக் கொண்டுபோனால், அதற்கு வேறொன்று.

"ஒரு விருந்தாளியக் கூப்பிட்டா ஊரையே கூட்டிட்டு வர்றாரே" என்றார் டோக்கன், நாற்காலியை விட்டு நகர்ந்து இடம் கொடுத்தபடி.

"பேசாம அந்தாளுக்குத் தண்ணி குடுங்க. தொண்டை கிழியக் கத்தறாரு."

கடைசிப் பேக்கேஜும் உள்ளே போனதும் அச்சுப்பொறி இரைந்தது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவரின் தாளை ரூட்டம்மாவே கொண்டுவந்து அந்த மகனிடம் கொடுத்தார். அவர் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த முறை பெயர் சொல்லி நிறுவியதால், அமைப்பு அந்தச் சின்னப் பேக்கேஜைக் கேட்டு வந்தது என்று குறித்துக்கொண்டது. இனி எந்தத் துப்புரவிலும் அது போகாது. ஒரு முறை தொலைந்த பிறகுதான் அந்த மரியாதை கிடைத்தது.

மாப்பிள்ளை சார் கூப்பிட்டு அனுப்பினார்.

"அது யாருக்கும் வேண்டாம்னுதானே சிஸ்டம் சொல்லிச்சு?"

"சிஸ்டத்துக்குத் தெரிஞ்ச யாருக்கும் வேண்டாம் சார். நமக்கு வேணும்."

"அதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"ஒரு வாரம் கேட்டேன்."

"கேட்டீங்க. நான் முடியாதுன்னதும் விட்டுட்டீங்க. தெரிஞ்சவங்க அப்படி விடலாமா?"

மாப்பிள்ளை சார் அதிகம் யோசிக்கிற ஆள் இல்லை. ஆனால் அன்று சொன்னது நியாயம். இனி தினமும் முதல் ரிப்போர்ட் வெளியே போகும் முன் ரூட்டம்மா வந்து கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று உத்தரவாயிற்று. கூடம் விடியும்போதே திறக்கும். தம்பி வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும்.

ஆகவே அவர் கூடத்துக்குப் பின்புறச் சந்தில், இரும்பு பீரோ வைக்கும் கிடங்கின் மாடியில் ஓர் அறை பார்த்துக்கொண்டார். போகச் சொன்னதாகவும் இல்லை, கோபித்துக்கொண்டு போனதாகவும் இல்லை. எல்லோருக்கும் கௌரவமான காரணம் கிடைத்துவிட்டது.

"நல்லதாப் போச்சு அண்ணி, அலைச்சல் மிச்சம்" என்றார் தம்பி மனைவி. சாமான் கட்ட உதவியும் செய்தார். மறுநாளே அவருடைய அம்மா அந்த இரண்டு கட்டில் அறைக்கு வந்து சேர்ந்தார்.

பிறகு அந்த வீட்டில் ஒவ்வொன்றாக நின்றது. தண்ணீர் மோட்டாரை இதுவரை யார் எப்போது போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தொட்டி ஒரு நாள் வழிந்தது, மறுநாள் வறண்டது. தம்பி பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பள்ளி வேன்காரர் வராத நாளில் அவரை எந்த எண்ணில் பிடிப்பது என்று தெரியவில்லை. தம்பியின் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தது. அது தீரும் பொருள் என்பதே அவருக்குப் புதிய செய்தி. தம்பியின் மாமியார் இரவில் தனியாக எழுந்து குளியலறைக்குப் போய் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

மனிதரைப் பேக்கேஜோடு ஒப்பிடுவது எளிது. எளிதான ஒப்பீடுகளை நம்பக் கூடாது. தன்மேல் என்ன குறி போட்டிருக்கிறது என்று பேக்கேஜுக்குத் தெரியாது. ரூட்டம்மாவுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி அந்த மாடியறைக்கு வந்தார். இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார, ரூட்டம்மா கட்டிலில் உட்கார்ந்தார். கீழே யாரோ பீரோவைத் தரையில் இழுத்தார்கள். சத்தம் அடங்கியதும் தம்பி பேச்சை எடுத்தார்.

"வந்துடுக்கா. வீடே ஓடல."

"நான் வேணுமா, வீடு ஓடணுமா?"

தம்பி புரியாமல் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானேக்கா."

அதை அவர் அன்பாகத்தான் சொன்னார். கள்ளம் எதுவும் இல்லை. கள்ளம் இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"மாமியாருக்கு ராத்திரி ஒருத்தர் கூட இருக்கணும். உன் கட்டில் அப்படியேதான் இருக்கு" என்றார் மறுபடி.

"உன் பொண்டாட்டி என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாளா?"

தம்பி பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"அவ வேண்டாம்னு ஒண்ணும் சொல்லல."

ரூட்டம்மா சிரித்தார். அவர் சிரித்துத் தம்பி பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தம்பி இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை விஷயம் தெரிந்ததும் டோக்கன் கொதித்தார்.

"போகாதீங்க ரூட்டம்மா. கறிவேப்பிலையா தூக்கிப் போட்டவங்க. இப்ப வாசனை போதலைன்னு தேடறாங்க. அந்தம்மாவுக்கு மகள் இல்லையா? தாங்கட்டுமே."

"உங்களை யாராவது கேட்டாங்களா?"

"கேக்கல. கேக்காமதான் நானும் உங்களுக்கு நல்லது சொல்லிட்டுக் கெடக்கேன்."

அந்த வாரமே அவர் ஒரே ஒரு பையோடு தம்பி வீட்டுக்குத் திரும்பினார். தன் அறையைப் பறித்த பெண்மணியின் பக்கத்துக் கட்டிலில் படுத்தார். இரவில் அவர் முனகும்போதெல்லாம் எழுந்து தோள் கொடுத்தார். மோட்டார் வேளைக்கு ஓடியது. மாத்திரை தீரவில்லை. அண்ணி வந்தது நல்லதாப் போச்சு என்றார் தம்பி மனைவி. போனபோது சொன்ன அதே வார்த்தை. ரூட்டம்மா முன்னைவிட முன்னதாக எழுந்து, இரண்டு பேருந்து மாறி, முதல் ரிப்போர்ட் வெளியே போகும் முன் கூடத்துக்கு வந்துவிடுவார்.

ஆனால் தானே கேட்டு வாங்கிய மாடியறையை அவர் விடவில்லை. பையில் கொள்ளாத சாமானெல்லாம் அங்கேயே இருந்தது. வாடகை மாதம் தவறாமல் போயிற்று. தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் நடந்து வருவார். ஒரு நாளும் படியேறித் திறந்ததில்லை. அறையின் சாவி, சர்வர் அறைச் சாவிக்குப் பக்கத்தில், அதே கொத்தில் தொங்கியது. தம்பி வீட்டுச் சாவி அந்தக் கொத்தில் இல்லை. கதவைத் தட்டித்தான் உள்ளே போனார்.

"தங்கறது அங்க. அப்புறம் இந்த ரூம் எதுக்கு?" என்று டோக்கன் ஒரு முறை கேட்டார்.

"கூட்டம் நிக்குது பாருங்க. நம்பரைக் கூப்பிடுங்க" என்றார் ரூட்டம்மா.