தேங்காய் எண்ணெய் போட்ட துவக்கு

பழுது பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: நம் கைபட்ட சாமான் வேலை செய்யவில்லை என்றால், பிழை அதைப் பாவிக்கிறவரிடம்தான் என்று அடித்துச் சொல்வோம். உங்களுக்கும் அது இருந்தால் கொஞ்சம் கேளுங்கள். நான் வெள்ளவத்தையில் தையல் மெசின் திருத்துகிறவன். மாதம் ஒருமுறை, துப்பாக்கி சுடப் பழக்கும் ஒரு கழகத்துப் பழைய பொயின்ட் டூ டூ துவக்குகளையும் பார்த்துக் கொடுப்பேன்.

எண்ணெய் முடிந்த நாள்

ஒருநாள் மெசின் எண்ணெய்ப் போத்தல் காலி. கடைக்குப் போகப் பஞ்சி. கழகத்துக் குசினியில் தேங்காய் எண்ணெய் இருந்தது. எண்ணெய் எண்ணெய்தானே என்று ஒரு துவக்கின் விசைக்குள் நாலு சொட்டு விட்டேன். இழுத்தால் வழுக்கிக்கொண்டு போனது. பயிற்சியாளர் சேர் தானும் இழுத்துப் பார்த்துவிட்டு, "உங்கட கை பட்டாப் பழசும் புதுசாகுமண்ணை" என்றார்.

விரல் வைத்தியம்

அந்தத் துவக்கில் பழகியவள் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் தர்ஷிகா, பள்ளிக்கூடப் பிள்ளை. விசை கல்லு மாதிரி இருக்கிறது, இழுக்கும்போது துவக்கே ஆடுகிறது என்று முறையிட்டாள். நான் வெளிச்சத்துக்காகத் துவக்கை வெளி விறாந்தைக்குக் கொண்டுபோய், வெயிலில் வைத்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டு இழுத்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

மூன்று தடவை இப்படி. மூன்றாம் தடவை சேருக்கு முன்னாலேயே, பிள்ளையின் விரலில் பலமில்லை, வீட்டில் இடியப்பம் பிழியட்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். அவள் முகம் சிவந்து, "ஓம் அங்கிள், நாளைக்கே தொடங்கிறன்" என்றாள்.

தெரிவு நாள்

அணித் தெரிவில் காலையில் முதல் ஆள் அவள்தான். முதல் ஐந்து வெடியும் எங்கேயோ போயின. பிறகு போகப் போகத் திருந்தியது, ஆனால் அணியில் இடம் கிடைக்கவில்லை. "துவக்கில சாக்குச் சொல்லாதை" என்று சேர் எல்லாருக்கும் முன்னால் கத்தினார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். போகும்போது அவள் என்னிடம், "ஒரு மாசமாப் பிழிஞ்சனான் அங்கிள், இன்னும் காணாது போல" என்றாள்.

மனைவியின் போத்தல்

அடுத்த கிழமை எங்கள் ஏசி அறையில், மனைவி தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டும் விழவில்லை. கழகத்தில் துவக்குகள் வைக்கிற அறையும் ஏசிதான். அங்கே உறைந்த எண்ணெயை நான் ஒவ்வொரு தடவையும் வெயிலில் உருக்கிவிட்டல்லவா சோதித்திருக்கிறேன்!

ஓடிப்போய் அந்த அறைக்குள்ளேயே நின்று இழுத்தேன். என் விரலுக்கே மசியவில்லை. கழற்றிக் கழுவி, சரியான எண்ணெய் போட்டேன். பின்னேரம் வந்த தர்ஷிகாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கேட்டது இவ்வளவுதான்: "அங்கிள், நான் சாக்குச் சொல்லேல்லை எண்டு சேரிட்டச் சொல்லுவீங்களா?"

விசையை இளக்க எனக்கு அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. சேருக்கு முன்னால் வாயைத் திறக்கத்தான் இரண்டு நாள் பிடித்தது.