பன்னிரண்டு நாசில், நாலு குடம்

கடையநல்லூர் ஜாஹிரா பீவியிடம் யாராவது "உன்னால ஆவாது" என்று சொல்லிவிட்டால் போதும், அதைச் செய்து காட்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஷார்ஜாவில் அவள் புருஷன் கிதிர் முகம்மதுக்கு ஓட்டல் வாசல்களில் குளிர்ச்சிக்காகப் பனிபோலத் தண்ணீர் தூவும் மிஸ்ட் லைன் மாட்டுகிற வேலை. ஆறு வருடம் கூட இருந்து அவளும் கற்றுக்கொண்டாள். மகள் படிப்புக்காக ஊர் திரும்பியவள் சும்மா உட்காரவில்லை. மெல்லிய குழாய், ஊசிமுனை ஓட்டை வைத்த நாசில்கள், தண்ணீரைப் புகையாக்கித் தள்ளும் பம்பு எல்லாம் வாங்கி, கோடைக்கு ஓட்டல்களுக்கு வாடகைக்கு மாட்டத் தொடங்கினாள். "பொம்பள ஏணியில ஏறுதா பாரு" என்று கேலி பேசியவர்களுக்கு மேலேயிருந்தே பதில் கொடுத்தாள்.

இந்த மே மாதம் குற்றாலம் ரோட்டில் நாறும்பூநாதன் அண்ணாச்சியின் புரோட்டாக் கடை முன்னால் பன்னிரண்டு நாசில் மாட்டினாள். இது நன்றாக ஓடினால் அதே ரோட்டில் இன்னும் நாலு கடைக்காரர்கள் போடுவதாக இருந்தார்கள். மூன்றாம் நாளே வந்தது வினை. பின்தெருவில் ஒன்பது நாளாகக் குழாய்த் தண்ணீர் கிடையாது. முப்பிடாதி என்பவள் முன்னால் வர, பெண்கள் காலிக் குடத்தோடு கடை வாசலில் நின்றுவிட்டார்கள்.

"குடிக்க ஒரு சொட்டு இல்ல. இங்கன என்னடான்னா காத்துல தெளிச்சு வெளாடுதிய. கழட்டுட்டி இத!"

"ஏட்டி கீட்டின்னு பேசாதிய யக்கா. எம்புட்டு குடிக்குதுன்னு உங்க குடத்துலயே அளந்து பாப்போம். அநியாயமாப் போவுதுன்னா நானே இங்கன பம்ப ஒடச்சுப் போட்டுட்டுப் போறேன்" என்றாள் லைனைப் பார்க்க வந்திருந்த ஜாஹிரா.

கடையின் போர்த் தண்ணீரை அவர்கள் குடங்களில் நிரப்பி, பம்பின் குழாயை அதிலேயே விட்டாள். ஒவ்வொரு குடமாகக் காலியாகி, நாலாவது குடம் தீர ஒரு மணி நேரம் ஆயிற்று.

"நாலு குடம் கொஞ்சமா?" என்றாள் முப்பிடாதி.

"அது நிக்காம ஓடுன கணக்கு. அரை நிமிசம் ஓடி ஒரு நிமிசம் நிக்கிற மாதிரி வச்சா ஒன்றரைக் குடம்கூட ஆவாது. இப்ப இதப் பாருங்க."

சொல்லிக்கொண்டே கடையின் ஓஸ் குழாயை இழுத்து வந்து குடத்தில் விட்டாள். சூடு தணிய வாசலில் தண்ணீர் அடிப்பது அந்த ரோட்டுக் கடைகளின் வழக்கம். அண்ணாச்சி நாளைக்கு மூன்று நேரம், நேரத்துக்குப் பத்து நிமிடம் அடிப்பார். மூன்றே நிமிடத்தில் நாலு குடமும் நிரம்பி வழிந்தன. அவ்வளவுதான், பெண்கள் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் இனி ஓஸ் பிடிப்பதில்லை, அந்தத் தண்ணீரைப் பின்தெருவுக்கு விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் மனுஷனுக்கு மூச்சு வந்தது.

ஆனால் முப்பிடாதி லேசுப்பட்டவள் இல்லை. "சாரல் காத்துல கொடியில போட்ட துணியே காயாது. இந்தப் பொகத்தண்ணி எங்கன காயும்?"

ஜாஹிராவுக்குச் சுருக்கென்றது. போன வருடம் மழை பார்க்காத ஷார்ஜா நினைப்பிலேயே வடகரையில் ஓர் ஆடி மாதச் சாரலில், விருந்துப் பந்தலுக்கு லைன் மாட்டி, பிரியாணித் தட்டெல்லாம் சொட்டுச் சொட்டாக நனைந்து அவள் வாங்கிய ஏச்சு கொஞ்சமா நஞ்சமா!

"காயாதுக்கா. காத்து காஞ்சிருந்தாத்தான் இது குளிரும். ஈரக்காத்துல வெறும் தண்டம். சாரல் தொடங்கினா நானே வந்து கழட்டிருவேன். இது என் வாக்கு."

ஜூன் இரண்டாம் வாரம் சாரல் வந்தது. குற்றால அருவியில்தான் இன்னும் தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. ஜாஹிரா கடைக்குப் போனபோது, அவள் வைத்த அரை நிமிடக் கணக்கைத் தூக்கிவிட்டு, பன்னிரண்டு நாசிலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. மேசையெல்லாம் ஈரம், தரையில் குளம். வெளியூர்க்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு நனைந்து செல்பி எடுத்தார்கள்.

"அருவியிலதான் தண்ணி விழல, சனங்க இங்கனயாவது நனையட்டும்னு விட்டுட்டேன். யாவாரம் பிச்சுக்கிட்டுப் போவுது தங்கச்சி. சீசன் பூரா கெடக்கட்டும்" என்றார் அண்ணாச்சி.

அவளுக்கு வந்த கோபத்தில் காதெல்லாம் சுட்டது. சுவிட்சை அணைத்தாள். பம்பைக் கழற்றினாள்.

"ஏம்மா, என்ன செய்யுத? அந்த நாலு கடையும் என்னக் கேட்டுத்தான் முடிவெடுப்பாவ. ஒரு வார்த்த சொன்னேன்னா இந்த ரோட்டுல ஒன்ன ஒருத்தனும் கூப்பிட மாட்டான், பாத்துக்க!"

ஜாஹிராவின் கை ஒரு நொடி நின்றது. அந்த நாலு கடைகளை நம்பி அவள் ஏற்கெனவே நாசில் வாங்கி வைத்திருந்தாள். ஆனாலும் லைனை விறுவிறுவென்று சுருட்டத் தொடங்கினாள்.

"தாராளமாச் சொல்லுங்க அண்ணாச்சி. ஜாஹிராவக் கூப்பிட்டா சாரல் அன்னைக்கு அவளே வந்து கழட்டிட்டுப் போயிருவான்னு, நாலு கடையிலயும் மறக்காமச் சொல்லுங்க. அது தெரிஞ்சு கூப்பிடுதவன் கூப்பிட்டாப் போதும்."