தொப்பி போட்ட மூட்டை

குதிரைவண்டி நிலையத்தில் அந்த வண்டிக்காரருக்கு வைத்திருந்த பெயர் ஊமைக்கோட்டான். பேசத் தெரியாதவர் இல்லை. பேசுவதெல்லாம் குதிரையிடம்தான், அது பதில் சொல்லிப் பழகவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு சக்கர வண்டி தராசு மாதிரி. ஓட்டுகிறவர் முன்னால், சவாரி பின்னால். பின்பாரம் கூடினால் குதிரை அந்தரத்தில் தொங்கப் பார்க்கும். பின்னால் ஆளே இல்லாவிட்டால் முன்பாரம் முழுக்க அதன் முதுகில் இறங்கும். முன்பெல்லாம் சாயங்காலம் காலியாக வீடு திரும்பும் வேலையே இல்லை. சலவைக்கூடத்து வாசலில் அவர் மனைவி ஏறிக்கொள்வாள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே. போன மழைக்காலத்தில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

பிறகு குதிரை முதுகில் புண் வந்தது. "இன்னும் தேய்ஞ்சா இதை வண்டியில பூட்டவே முடியாது, பாத்துக்கப்பா," என்றார் வைத்தியர்.

திரும்பும்போது பின்னால் வைக்க ஒரு சாக்கில் மணல் கட்டினார். போதவில்லை. இன்னும் கொட்டினார், கூடிவிட்டது, கொஞ்சம் அள்ளினார். ஒருவழியாகக் குதிரை பழையபடி தலையை ஆட்டிக்கொண்டு நடந்தது. அவர் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் என்ன கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் கரண்டி பறந்திருக்கும்.

பக்கத்து வண்டிக்காரருக்குக் கை சும்மா இருக்குமா? மூட்டைமேல் ஒரு பழைய தொப்பியைக் கவிழ்த்தார். "பொண்ணு பாத்தாச்சாண்ணே? வாயே திறக்கல, உனக்கேத்த ஜோடிதான்!" நிலையமே சிரித்தது. அவர் தொப்பியை எடுக்கவில்லை.

அன்று மங்கிய வெளிச்சத்தில், சலவைக்கூடத்து வாசலில் ஒருத்தி கையைக் காட்டினாள். மனைவியோடு துணி வெளுத்தவள். தொப்பியைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டாள். "ஆளிருக்கா? சரி, போங்கண்ணே."

"ஆளில்ல, மூட்டை." அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"மூட்டைக்கு எதுக்குத் தொப்பி?"

"சளி பிடிச்சுக்கும்னுதான்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் மூட்டையைச் சக்கர அச்சுக்கு நேர்மேலே நகர்த்திவைத்தார். அங்கே அது எந்தப் பக்கமும் சாய்க்காது. வழி நெடுக அவள் பேசினாள். "அக்கா இருந்தவரைக்கும் அங்க யாரும் வாயைத் திறக்கவே முடியாது தெரியுமா?" குதிரை துள்ளி நடந்தது.

தன் வீட்டு வாசலில் இறங்கி, "நாளைக்கும் இந்தப் பக்கம் வருவீங்களாண்ணே?" என்றாள்.

அவர் தலையாட்டினார். இருட்டில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான், "வருவேம்மா," என்று வாயில் வந்தது.

முன்பாரம் தாழ்ந்து, குதிரை முதுகை நெளித்தது. அவர் இறங்கி, மூட்டையைப் பின்னால் தள்ளி, தொப்பியை நேராக்கினார்.

"போலாமா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் காத்திருந்தே வண்டியைக் கிளப்பினார்.