எங்கள் வீட்டில் சட்டி வைத்தவர்

2003-ஆம் வருடம், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூரை அடுத்து, பாலாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் காலனி வீட்டில் நடந்தது இது.

நான் அப்போது ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் பேசுவேன் என்பதால், வெளிநாட்டிலிருந்து சரக்குப் பார்க்க யார் வந்தாலும் அவரோடு என்னைத்தான் அனுப்புவார்கள். அப்படி வந்தவர்தான் அந்த ஜப்பான்காரர். அறுபதை நெருங்கிய வயது. தையலை விரல் நுனியால் தடவிப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவார். எல்லோரும் அவரை ‘சார்’ என்றே கூப்பிடுவோம். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான். அதனாலேயே எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் அப்பா இறந்திருந்தார். டேனரியில் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு எடுக்கிற வேலை அவருக்கு. மூச்சிறைப்பு முற்றிப்போய் வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்கு உடலாகத்தான் வந்தார். குடியாத்தத்தில் தறி போட்டிருக்கும் என் மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், அன்று பார்த்து லுங்கி லோடோடு வெளியூர் போயிருந்தார். அவர் வரும்வரை வைத்திருக்கலாம் என்று அம்மா கெஞ்சினாள். சுடுகாட்டுப் பாதையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, இனிமேல் தாங்காது என்று காலனிப் பெரியவர்கள் எடுத்துவிட்டார்கள். மாமா வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

“எம் மச்சான் மூஞ்சியக்கூட காட்டாம கொளுத்திட்டீங்களேடா. இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என்னான்னு கேளு!” என்று தெருவில் நின்று கத்திவிட்டு, வீட்டுக்குள் வராமலே வந்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார்.

எங்கள் ஜனத்தில் சாவு நடந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டோம். பொரிக்கிறது, சுடுறது, தாளிக்கிறது எதுவும் கிடையாது. கருமாதி முடிந்த பிறகு, புருஷனை இழந்த பெண்ணின் பிறந்த வீட்டார் எண்ணெயும் மாவும் கொண்டுவந்து, தங்கள் கையாலேயே அடுப்பில் சட்டி வைத்து வடை சுடுவார்கள். அன்றோடு துக்கம் விலகியதாகக் கணக்கு. வழக்கமாகப் பதினாறு நாளில் முடிந்துபோகிற விஷயம். எங்கள் வீட்டில் முடியவில்லை. மாமா வரவில்லை. அம்மா சட்டி வைக்கவில்லை.

தீபாவளி போனது, பொங்கல் போனது, அப்பாவின் வருஷத் திதியும் போனது. இட்லி, கஞ்சி, தாளிக்காத ரசம், வெறும் உப்புப் பருப்பு. அதையும் அம்மா ஒப்புக்குத்தான் சாப்பிட்டாள். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவுகிற அளவுக்கு இளைத்துப்போனாள். நான் குடியாத்தம் போய் மாமாவைக் கெஞ்சினேன். தறிச் சத்தத்துக்கு நடுவே தலையைக்கூடத் தூக்காமல், “நீ படிச்சவன், ஜாஸ்தி பேசுவ. போய்ட்டு வா” என்றார். நானே ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கி வந்து நின்று, சட்டி வைக்கிறேன் என்றேன். “எங்கண்ணன் வருவான்டா. அவன் வர்றதுக்குள்ள நீ வச்சிட்டா, அவன் எதுக்குடா வருவான்?” என்று அம்மா பாட்டிலைப் பிடுங்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டை நானும் அந்த ஜப்பான்காரரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். என் டிபன் பாக்ஸில் தினமும் வெள்ளைச் சோறும் வெள்ளைப் பருப்பும் இருப்பதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள், உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து நான் சமைக்கட்டுமா என்றார். கியோசா என்று ஒன்று, எங்கள் ஊரில் நோயாளிகூட ஆசையாகச் சாப்பிடுவார் என்றார். எப்படிச் செய்வது என்று கேட்டேன். உள்ளங்கையில் ஒரு பாதி நிலாவை மடித்துக் காட்டி, மூடி போட்டு, ஆவி பொங்கி எழுவதைப் போல விரல்களை மேலே ஆட்டினார். அடடே, கொழுக்கட்டை என்று நினைத்துக்கொண்டேன். ஆவியில் வேகவைப்பதுதானே, அதில் தோஷம் இல்லை. அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அவள் தயங்கித்தான் சம்மதித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு கையில் மைதாவும் முட்டைக்கோஸும், இன்னொரு கையில் பாய் கடையில் கொத்தி வாங்கிய கோழிக்கறி. தோளில் ஒரு துணிப்பை. காலனியே வாசலில் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “இன்னாக்கா இது, ஜப்பான்லேர்ந்து ஆள் வரவழைச்சு கொழுக்கட்டை புடிக்கிறியா?” என்று கேட்க, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன்.

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோஸைப் பொடியாக அரிந்து உப்புப் போட்டுப் பிழிந்தார். கறியோடு இஞ்சியும் பூண்டும் சேர்த்துப் பிசைந்தார். அப்பளம் போல மெல்லிசாக மாவைத் தேய்த்து, நடுவில் கறியை வைத்து, ஒரு ஓரத்தில் மட்டும் கொசுவம் வைத்துக்கொண்டே மடித்தார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக நகர்ந்து வந்து, தானும் ஒன்றை எடுத்து மடித்தாள். சேலைக் கொசுவம் பழகிய கை. அவருடையதைவிட அழகாகவே வந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார்.

இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றி வைக்கட்டுமா என்று கேட்க நான் எழுந்தேன். அதற்குள் அவர் துணிப்பையிலிருந்து ஒரு தட்டைச் சட்டியையும் நல்லெண்ணெய் பாட்டிலையும் எடுத்தார். கேஸைப் பற்றவைத்து, சட்டியை வைத்து, எண்ணெயை ஊற்றி, மடித்தவற்றை வட்டமாக அடுக்கிவிட்டார். சுர்ர்ரென்று சத்தம் எழுந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் கேட்காத சத்தம்.

அம்மாவின் முகம் செத்துப்போனது. மாவுக் கையோடு எழுந்து, பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லருகே தூறலில் நின்றாள். ஜன்னலில் இருந்த அக்காவும் சத்தமில்லாமல் விலகிக்கொண்டாள்.

“நான் என்ன தப்பு செய்தேன்?” என்று அவர் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அப்பா, மாமா, சட்டி. சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. சட்டென்று அடுப்பை அணைத்தார். பின்பக்கம் போய், மழையில், அம்மாவின் எதிரே இடுப்பு வரைக்கும் குனிந்து நின்றார். நிமிரவே இல்லை.

“இன்னாடா இது, பெரிய மனுஷன் போய் எங்கிட்ட குனியறாரு! நிமிரச் சொல்லுடா!” என்று அம்மா பதறினாள்.

அவர் நிமிர்ந்து, அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு பேசினார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் மனைவி இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றனவாம். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன், தான் இல்லாத நாட்களில் இவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று, கியோசாவை நிறைய மடித்து ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாராம். வீடு திரும்பவில்லை. இவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டுச் சாப்பிட்டிருக்கிறார். ஒரு சட்டிக்கு ஆகிற அளவு மிச்சம் இருந்தபோது நிறுத்திவிட்டாராம். அது இன்னும் அங்கேயே பனி மூடிக் கிடக்கிறதாம்.

அம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். “ஏன் இன்னும் வச்சிருக்காராம்?”

கேட்டேன். “சாப்பிட்டா தீர்ந்துடுமாம், அம்மா” என்று அவர் பதிலைச் சொன்னேன்.

மழைத்தண்ணீர் அம்மாவின் நெற்றியில் வழிந்தது. பிறகு, கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்: “தீரத்தான் போவணும். அது சோறுடா, போட்டோவா மாட்டி வைக்க?” சொன்ன வேகத்தில் பயந்துபோய், “அவருகிட்ட சொல்லாத. பாவம்” என்றாள்.

அவள் சொன்னது என்ன என்று அவர் கேட்டார். மாற்றிச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவர் பார்த்த பார்வையில் பொய் வரவில்லை. அப்படியே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுதாரா, மழையா தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

அம்மா குடியாத்தம் ரோடு பக்கம் ஒரு முறை பார்த்தாள். வீடுகள் மறைத்திருந்ததால் அங்கே ரோடே தெரியாது. ஆனாலும் பார்த்தாள். அப்புறம் என்னிடம், “அடுப்பப் பத்த வைக்கச் சொல்லு. எண்ணெய் கொண்டாந்தவரு, சட்டி வச்சவரு, அவரே எறக்கட்டும்” என்றாள்.

நான் கேட்டேன். “மாமா வந்தா?”

“வர மாட்டான்டா.” அவ்வளவுதான் சொன்னாள். ஒரு வருஷமாக அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து வரவிடாமல் பிடித்துவைத்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுபடியும் அடுப்பு எரிந்தது. அடிப்பக்கம் சிவந்ததும் அவர் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றினார். சீறி எழுந்த ஆவியின்மேல் அம்மா மூடியை வைத்தாள். தண்ணீர் வற்றியதும் ஒரு தட்டைக் கவிழ்த்துப் பிடித்துச் சட்டியைத் திருப்பினார். சிவந்த பக்கம் மேலாக, பூ மாதிரி வந்து விழுந்தன. முதல் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா நின்றபடியே ஒரு கடி கடித்தாள். மெல்ல ஆரம்பித்தவள், பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வாய் நிறையச் சோற்றோடு அழுகிற குழந்தைபோல ஓவென்று கத்தி அழுதாள். அப்பா செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். அந்த மனிதர் சுவரோரமாக முழங்காலிட்டு, தலை குனிந்து, அவள் அழுது முடிக்கும்வரை அப்படியே இருந்தார். எங்கள் தட்டில் இருந்தவை ஆறிப்போயின. ஆறினதைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம்.

மறுநாள் வீட்டில் ரசம் தாளித்த வாசனை அடித்தது. அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். கதை இங்கேயே முடிந்திருந்தால் சந்தோஷமாக எழுதியிருப்பேன். விஷயம் குடியாத்தம்வரை போய்விட்டது. “எவனோ ஊர்பேர் தெரியாதவன் வந்து சட்டி வச்சானாம்ல? அப்புறம் அண்ணன் எதுக்கு?” என்று மாமா சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அவர் மகள் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. இன்றுவரை அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னபோதே இது இப்படித்தான் ஆகும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் சொன்னாள்.

அந்த ஜப்பான்காரர் தை பிறப்பதற்குள் ஊருக்குப் போய்விட்டார். அடுத்த சீசனுக்கு அந்த ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டதால் அவர் திரும்ப வரவில்லை. எந்தத் தகவலும் இல்லை. அம்மா சில நாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது, எந்தப் பேச்சும் இல்லாமல் திடீரென்று கேட்பாள், “தின்னிருப்பாராடா?” தின்றிருப்பார் என்று சொல்வேன்.

எதிர்பார்த்துக் காத்திருக்கிறவர் கடைசிவரை வராமலே போகலாம், வந்தவர் கையால் எரிகிற அடுப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று அம்மாவிடமிருந்து அன்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் வீட்டில் எண்ணெய் காய்கிற வாசனை வரும்போதெல்லாம், வாசலில் யாராவது வந்து நிற்கிறார்களா என்று என் கண் இன்னமும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது.