கோஹிமாவில் மூட்டிய முதல் அடுப்பு

நாகா மலையில் ஓவர்சியர் வேலைக்குப் போகலாமா என்று தென்னூரிலிருந்து இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். போகலாம். பயமாக இருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரனோடு நடந்த யுத்தத்தில் எரிந்துபோன கிராமங்களில் வீட்டு மனை அளந்து கொடுக்க, யுத்தம் முடிந்த குளிர்காலத்தில் நான் அங்கே போனேன்.

திருச்சி ஜங்ஷனில் ஏறினால் சென்னை, கல்கத்தா வழியாக மணிப்பூர் ரோடு ஸ்டேஷன் சேர ஒரு வாரம் ஆகும். ரயில்கள் சொன்ன நேரத்துக்கு வராது. கத்திப் பயனில்லை, நான் கத்திப் பார்த்துவிட்டேன். அங்கிருந்து கோஹிமா நாற்பத்தாறு மைல், லாரியில். எங்கள் டிரைவர் நம் திருச்சி பாலக்கரை காதர் பாய். உருது தெரிந்தவர், பட்டாளத்தோடு பழகிய மலை ஜனங்களுக்கும் அது கொஞ்சம் புரியும் என்பதால் மொழிபெயர்ப்பும் அவர்தான்.

"ரோட்ட விட்டு கீழ கால வைக்காதீங்க தம்பி. ஒண்ணுக்கு வந்தாலும் டயர் ஓரமாவே போங்க," என்றார். புதரெல்லாம் வெடிக்காத குண்டுகளாம். சிரித்தேன். அடுத்த வளைவில் ஒற்றைக்கால் மனிதர் ஒருவர் கட்டையூன்றி வழிவிட்டார். சிரிப்பு நின்றது.

கோஹிமா மேட்டில் மரங்கள் வெறும் கட்டைகள். ஜனங்கள் ராணுவம் விட்டுப்போன தார்ப்பாய்க்கடியில் இருந்தார்கள். விசோ என்பவருக்கு முதல் மனை. பழைய இடம்தான் வேண்டும் என்றார். அப்பாவின் கல்லறை வாசலில் இருக்க வேண்டும், அது அவர்கள் வழக்கம். குண்டு எடுக்கும் பட்டாளத்தாரோ மழைக்கு முன் வர முடியாது என்றுவிட்டார்கள். போன மழையில் தார்ப்பாய்க்கடியில் அவருடைய கடைக்குட்டி காய்ச்சலில் போய்விட்டது. இன்னொரு மழைக்குக் காத்திருக்க மாட்டார்.

எனக்கும் பொறுமை கிடையாது. முளைக்குச்சியை நட்டுச் சுத்தியலால் இரண்டு போடு போட்டேன். மண்ணுக்குள் 'டங்' என்றது.

"அசையாதீங்க!" காதர் பாய் லாரிக்குப் பின்னாலிருந்து கத்தினார்.

ஓங்கிய கையோடு நின்றேன். விசோவின் மனைவி குப்புறப் படுத்து விரலால் மண்ணை விலக்கினார். இரும்பு விளிம்பு தெரிந்தது. சோற்றுப் பானை! சண்டைக்குப் பயந்து ஓடும்போது அடுப்பருகே புதைத்தது. வீடு எரிந்ததில் இடம் தெரியாமல் போயிருந்தது.

"உங்க சுத்தியலுக்குக் கண்ணு இருக்காம். உங்களுக்குத்தான் இல்லையாம்," என்று அந்த அம்மாள் சொன்னதை மொழிபெயர்த்தார் காதர் பாய்.

அந்த அம்மாள் அங்கேயே மூன்று கல்லை வைத்தார். வீடு எழும்புமுன் பழைய அடுப்பு இருந்த இடத்தில் தீ எரிய வேண்டுமாம்.

"மண்ணு சூடானா அடியில கெடக்கிறது வெடிக்கும்! சொல்லுங்க பாய்!" என்றேன்.

"சொல்லிட்டேன். தெரியுமாம்."

அந்த அம்மாள் இரண்டு பிள்ளைகளையும் மேட்டுக்கு அப்பால் தங்கையிடம் அனுப்பினார். அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகே தீக்குச்சியைக் கிழித்தார். கை நடுங்கி அணைந்தது. இன்னொன்று கிழித்தார். இவர்களுக்குப் பயமே கிடையாது என்று அதுவரை நினைத்திருந்தேன். நான் லாரிக்குப் பின்னால் போய்விட்டேன். பானையில் தண்ணீர் கொதிக்கும்வரை கணவனும் மனைவியும் நெருப்பைவிட்டு நகரவில்லை. பிறகு அந்த அம்மாள் மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நானும் போனேன்.

ஸ்ரீரங்கம் திரும்பியும், அடுப்பில் விறகு படீரென்றால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

போகிறவர்கள் கம்பளி இரண்டு, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் முளை அடிக்காதீர்கள். எந்த வீட்டிலும் அடுப்பருகே உட்காரச் சொல்வார்கள். முதலில் பிள்ளைகள் எங்கே என்று பாருங்கள். பக்கத்தில் விளையாடினால் தைரியமாக உட்காருங்கள். மேட்டுக்கு அப்பால் அனுப்பியிருந்தால், லாரிக்குப் பின்னால் இடம் இருக்கும்.