மாமன் மடியும் பின்பக்கம் பார்த்த சீட்டும்

போன வாரம் என் மடிக்கு ஒரு பெரிய அவமானம் நேர்ந்தது.

மடி என்றால் சாதாரண மடியா? தாய்மாமன் மடி! எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் காது குத்த வேண்டுமென்றால், தாய்மாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஆசாரி ஊசியையே கையில் எடுப்பார். பெற்ற தகப்பன்கூட அன்றைக்கு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எனக்கு இருப்பது ஒரே தங்கை. அவளுக்கும் கல்யாணமாகி ரொம்ப காலம் கழித்துத்தான் பிள்ளை பிறந்தது. என் மடி எவ்வளவு ஏங்கிப்போய்க் கிடந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

தங்கை பெயர் கலா. கனடாவில் இருக்கிறாள். மருமகள் நிலாவுக்கு ஒன்றரை வயது. ஊர்த் திருவிழாவையும் பார்த்துவிட்டு, அது முடிகிற வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோவிலில் காதும் குத்திவிடலாம் என்று குடும்பத்தோடு வந்திருந்தாள்.

வீடியோ காலில் என்னைக் கண்டால் கெக்கெக்கே என்று சிரிக்கிற பிள்ளை அது. அதே நினைப்பில் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய் இரண்டு கையையும் நீட்டினேன். என் மீசையை ஒரு பார்வை பார்த்தது... அவ்வளவுதான். பிள்ளை அலறிய அலறலில் பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"புது ஆளுன்னா கொஞ்சம் அப்படித்தாண்ணே" என்றாள் கலா. நான் புது ஆளா? சீர்த்தட்டோடு நிற்க வேண்டிய தாய்மாமன் புது ஆளா!

அடுத்த அதிர்ச்சி கார் பார்க்கிங்கில் காத்திருந்தது. சூட்கேஸ்களோடு சூட்கேஸாக ஒரு சிம்மாசனம் வந்திருந்தது. பிள்ளைக்கான கார் சீட்டாம். கலாவின் வீட்டுக்காரர் செந்தில் அதை என் காரின் பின் சீட்டில் ஜன்னலோரமாக வைத்துப் பெல்ட்டால் இறுக்கிக் கட்டினார். கட்டி முடித்துப் பார்த்தால்... தலைகீழ்! காரெல்லாம் முன்னால் பார்க்க, அந்தச் சீட்டு மட்டும் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாவம், பிரயாணக் களைப்பு என்று நினைத்து, "மாப்ளே, திருப்பி மாட்டிட்டீகளே" என்றேன்.

"ம்" என்றார்.

மாப்பிள்ளை அப்படித்தான். கல்யாணத்தன்று பேசியதே அதிகம் என்று நினைக்கிற மனிதர். அந்த 'ம்'முக்குக் கலாதான் பொழிப்புரை சொன்னாள். அங்கே இந்த வயசுப் பிள்ளைகளைப் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வைப்பார்களாம். எங்கள் ஊர் கோட்டையூர் வந்து சேரும்வரை என் மருமகள் வந்த வழியையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சீட்டின் முதுகுதான் தெரிந்தது.

சரி, ஹைவேயில் வேகமாகப் போகிறோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திருவிழா லைட் பார்க்கப் போவதற்குமா?

எங்கள் ஊர்ப் பக்கம் திருவிழா லைட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மெயின் ரோட்டு வளைவில் ஆரம்பித்து ஊருணிக்கரை வரைக்கும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சீரியல் பல்புதான். நடுநடுவே மூங்கில் சாரம் கட்டி, பனைமர உயரத்துக்குப் பல்பாலேயே ஆன படங்கள். யானை தும்பிக்கையைத் தூக்கித் தண்ணீர் பீய்ச்சும். மயில் தோகையை விரித்து மடக்கும். அம்மன் கண்ணை மூடித் திறப்பாள். காரைக்குடியிலிருந்தும் புதுவயலிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கார் போட்டு வந்துவிடுவார்கள். ஒரு காரும் ஊர்வதற்கு மேல் வேகம் போகாது. போனால்தான் லைட் பார்க்க முடியாதே!

என் திட்டம் இதுதான். காது குத்துக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. பிள்ளை என்னிடம் ஒட்டவே இல்லை. பொம்மை, பலூன், பூனைச் சத்தம் எல்லாம் காட்டியாயிற்று. மீசையை எடுத்துவிட்டால் என்ன என்றுகூட என் மனைவி தேவி யோசனை சொன்னாள். இருபது வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருப்பது அது. விடுவேனா? லைட் பார்க்கப் போகும்போது முன் சீட்டில் நான் உட்கார்ந்து, மடியில் மருமகளை வைத்துக்கொண்டு, இதோ யானை, அதோ மயில் என்று காட்டிக்கொண்டே போனால் எப்பேர்ப்பட்ட பிள்ளையும் வழிக்கு வந்துவிடும். வராவிட்டால் வெள்ளிக்கிழமை அத்தனை சொந்தபந்தம் முன்னால் மாமன் மடியில் உட்கார மாட்டேன் என்று பிள்ளை துள்ளும். அந்தக் காட்சியை நினைத்து எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கலாவிடம் பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஏத்தா, சைக்கிள்காரன் நம்மள முந்திட்டுப் போவான். அம்புட்டு மெதுவாத்தான் போகப் போறோம். பிள்ளைய எங்கிட்டக் குடு."

"மெதுவாப் போனாலும் பிரேக்கு பிரேக்குதாண்ணே. பிள்ளைக்குத் தலை கனம், கழுத்து பிஞ்சு. சடார்னு நின்னா அந்தச் சீட்டு முதுகுல தாங்கிக்கிரும். உங்க கை தாங்காது."

என் கை தாங்காதா? நெல்லு மூட்டை தூக்கிய கை இது என்றேன். எந்த வருஷம் என்று தேவி கேட்டாள். நேரங்காலம் தெரியாமல் கேள்வி கேட்பதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

சரி, மடி வேண்டாம், அந்தச் சீட்டையாவது முன்பக்கம் பார்த்துத் திருப்பி வைக்கலாமே என்று இறங்கி வந்தேன். பாதி தூரத்துக்காவது... அந்த மயிலுக்கு மட்டுமாவது... கலா அசையவில்லை. மாப்பிள்ளையிடம் முறையிட்டேன். "ம்" என்றார். அது யாருக்கான 'ம்' என்று கடைசிவரை தெரியவில்லை.

வெளியூரிலிருந்து வந்தவளுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் பொருமிக்கொண்டேன். இங்கே பைக் டேங்க் மேல் பிள்ளையை உட்கார வைத்துக் காரைக்குடி பஜாரையே சுற்றி வருகிறார்கள். காரின் கூரையைத் திறந்து பிள்ளையை இடுப்பு வரைக்கும் வெளியே நிறுத்திக் காற்று வாங்க வைக்கிறார்கள். புதுக் கார் வாங்கினால் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோமே, அது எதற்கு? பாதுகாப்புக்குத்தானே! அதே காரில் சீட் பெல்ட் போடச் சொல்லி 'பீப் பீப்' என்று கத்துகிறதே என்று, வெறும் கொக்கியை மட்டும் கடையில் வாங்கிச் செருகி அதன் வாயை அடைப்பதும் நாம்தான். என் காரிலும் ஒன்று இருந்தது. கலா வந்த அன்றே அதைப் பிடுங்கி எங்கேயோ போட்டுவிட்டாள்.

ஆக, கிளம்பினோம். மாப்பிள்ளை ஓட்ட, நான் முன் சீட்டில் பெல்ட்டும் கடுகடுப்புமாக உட்கார்ந்தேன். பின்னால் ஒரு ஜன்னலோரம் நிலாவும் அவளுடைய சிம்மாசனமும், நடுவில் கலா, அந்தப் பக்கம் தேவி. கிளம்புகிற நேரத்தில் தேவி ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்தாள். உள்ளே வெள்ளைப் பணியாரம். அதன் மேல் ஒரு டப்பாவில் வரமிளகாய்ச் சட்னி.

"உங்க மடி சும்மாத்தானே இருக்கு" என்று சொல்லி அதை என் மடியில் வைத்தாள்.

சிரிக்காதீர்கள். மருமகள் உட்கார வேண்டிய இடத்தில் பணியாரம் உட்கார்ந்தது. கோபத்தை எல்லாம் கையில் காட்டி, தூக்கை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

யானை வந்தது. பார்த்தோம். அம்மன் வந்தாள். கும்பிட்டோம். என் கணக்குப்படியே ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போனது. "பாத்தியா?" என்று பின்னால் திரும்பாமலே கலாவுக்குக் குத்தலாகச் சொன்னேன்.

மயில் பக்கத்தில் நெருங்கும்போது முன்னால் போன பைக்காரர் திடுதிப்பென்று நின்றார். ஆபத்து ஒன்றும் இல்லை. தோகை விரிகிற நேரம் பார்த்து செல்ஃபி எடுக்க வேண்டுமாம்! மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார்.

கார் போன வேகம் ஒரு வேகமே இல்லை. ஆனாலும் என் இரண்டு கைக்குள்ளும் இருந்த தூக்கு அங்கே இல்லை. வழுக்கிக்கொண்டு போய் டேஷ்போர்டில் 'டங்' என்று மோதி, மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். கண்ணாடியில் சட்னி, ஏசியில் சட்னி, என் சட்டையில், மீசையில், வேட்டியில் சட்னி. பணியாரங்கள் என் காலடியில் உருண்டன.



நான் பிடியை விடவில்லை. சத்தியமாக விடவில்லை. விடாமலேதான் அது போயிருக்கிறது. அந்த இடத்தில் யார் இருக்க வேண்டும் என்று இத்தனை நேரம் மல்லுக்கட்டினேன்? பின்னால் திரும்பிப் பார்க்க எனக்கு முகமில்லை.

பின் சீட்டிலிருந்து அழுகைச் சத்தமே வரவில்லை. சீட்டின் முதுகில் சாய்ந்தபடி, என்ன நடந்தது என்றே தெரியாமல், நிலா பின்கண்ணாடி வழியாக வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை காரை ஓரமாக நிறுத்தினார். கலா இறங்கி வந்து ஈரத் துணியால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். சொல்லிக்காட்ட இதைவிட நல்ல சமயம் அவளுக்கு வாய்க்காது. ஆனால் சொல்லவில்லை. சீட்டில் பேப்பரை விரித்தபடி, "நீங்க பின்னாடி போங்கண்ணே. பிள்ளை பக்கத்துல இருங்க. நான் இங்கிட்டு உக்காந்துக்கிறேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் என்று சமாளித்தேன்.

அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. பின்பக்கம் பார்த்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தால், அதன் முகம் நமக்கு நேரே இருக்கிறது. கொஞ்சம் திரும்பினால் போதும். நிலா உதட்டைப் பிதுக்கினாள், ஆரம்பித்துவிட்டாள் என்று பயந்தேன். அதற்குள் கார் கிளம்பி மயிலைத் தாண்ட, பின்கண்ணாடியில் அது தோகையை விரித்தது. அழுகையை மறந்து, "தா" என்று விரலை நீட்டினாள்.

நானும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். நாங்கள் எல்லாம் ஒரு நொடி பார்த்துவிட்டு விட்ட மயில், ரோடு திரும்புகிற வரைக்கும் அவளோடு வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் அம்மன், அதற்கும் பின்னால் யானை. இவளுக்கா லைட் தெரியாது என்று நான் வருத்தப்பட்டேன்?

திரும்பிய என் சட்டையில் சட்னி இருந்ததை அவள் கண்டுபிடித்துவிட்டாள். தடுப்பதற்குள் விரலால் தொட்டு வாயில் வைத்தாயிற்று. காரைக்குடி வரமிளகாய்! போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால்... முகத்தைச் சுளித்து, யோசித்து, மறுபடியும் என் சட்டைக்குக் கை நீட்டுகிறாள். இது எங்கள் வீட்டுப் பிள்ளைதான், சந்தேகமே இல்லை. ஊருணிக்கரை வருவதற்குள் என் மீசை அவள் கைக்குப் போய்விட்டது. இழு ஆத்தா, இழு.

கதை சுபமாக முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? வீட்டு வாசலில் இறங்கி, இரண்டு கையையும் நீட்டினேன். அலறினாள். அந்தச் சீட்டில் இருந்தால்தான் நான் மாமா. வெளியே வந்தால் மறுபடியும் புது ஆள்! அடுத்தடுத்த நாள் கார் நின்ற இடத்திலேயே அவளைச் சீட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருந்தேன். தெருவில் போனவர்கள், எங்கே கிளம்பிட்டீக என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பட்டு வேட்டி, சீர்த்தட்டு, சம்மணம் போட்ட மடி எல்லாம் தயார். ஆசாரியும் வந்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளையை என் மடிக்குக் கொண்டுவந்ததுதான் தாமதம், வில்லாக வளைந்து துள்ளியது. கலா சமாதானப்படுத்தினாள். தேவி பாட்டுப் பாடினாள். மாமன்கிட்ட ஒட்டாத பிள்ளையா என்று பின்னால் யாரோ ஆரம்பிப்பது என் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனார். கோபித்துக்கொண்டார் போல என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் அந்தச் சிம்மாசனம்! தூக்கிக்கொண்டு வந்து என் மடி மேல் வைத்தார்.

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. ஒரு பெரியவர் மட்டும், மடியில் வைக்காமல் இது என்ன வழக்கம் என்று ஆட்சேபித்தார். சீட்டு மடியில்தானே இருக்கிறது, பிள்ளை சீட்டில்தானே இருக்கப் போகிறது என்று நான் வாதாடினேன். அவர் யோசித்துவிட்டு, நேரம் போகிறது, ஆகட்டும் என்றார்.

"பிள்ளை எங்கிட்டுப் பாத்து உக்காரணும்?" என்று ஆசாரி கேட்டார்.

"பின்னாடி பாத்து" என்றேன், கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி.

அதாவது, என்னைப் பார்த்து. கலா பிள்ளையை உட்கார வைத்தாள். ஆசாரிக்குக் காது தெரிய வேண்டுமே என்று தலைப்பலகையை மேலே ஏற்றிவிட்டு, சீட்டு சாயாமல் மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். என் இரண்டு தொடையும் மரத்துப்போயின. போகட்டும். எனக்கு எதிரே, ஒரு சாண் தூரத்தில், அழுகையை நிறுத்திவிட்டு என் மீசையைத் தேடுகிற மருமகள் முகம்.

ஊசி இறங்கியதும் அழுதாள். அழாமல் இருப்பாளா? ஆனால் அழுதுகொண்டே இரண்டு கையையும் நீட்டினாளே... என்னிடம்தான் நீட்டினாள்!

எதிரே வேறு ஆளே இல்லை, வேறு யாரிடம் நீட்டுவாள் என்கிறாள் தேவி.

இருக்கட்டுமே! அதற்குத்தானே அந்தப் பக்கம் பார்த்து உட்கார வைத்தோம்?