மூன்று என்று எழுதிய ஒன்பது

நான் இதுவரை ஒட்டிய லேபல்களில் நான்கு பொய்யானவை. கண்டியில் ஒரு பாமசியில் இருபத்தாறு வருடங்களாக மருந்து கொடுத்துவருகிறேன். அங்கே ஒட்டியவற்றில் ஒன்றுகூடப் பிழையாகப் போனதாக எனக்குத் தெரியாது. அந்த நான்கையும் ஒட்டியது அம்பிட்டியவில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

என் கணவர் முப்பது வருடம் சிகரட் புகைத்தவர். கடைசி இரண்டு வருடம் அதை விட்டு வேப்புக்கு மாறினார். நிகோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி, ஆவியாக இழுக்கும் கருவி அது. திரவத்தை யாரோ ஒருவர் சின்னக் குப்பிகளில் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு மாம்பழப் படத்தைத் தவிர குப்பியில் எதுவும் இருக்காது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எழுதாத ஒன்றை என் வீட்டில் யாரும் நெஞ்சுக்குள் இழுக்க முடியாது என்று சண்டை பிடித்தேன். சண்டை முடிந்தபோது கலக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. கிளிசரின், வாசனை, அளந்த நிகோட்டின். சாமான்களை வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கொண்டுவந்து தருவார்கள். இரண்டு தசமதானம் காட்டும் தராசு ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு கலவைக்கும் தடித்த மட்டை போட்ட சீஆர் கொப்பியில் ஒரு வரி எழுதுவேன்: திகதி, எடை, பலம், யாருக்கு. மூடிக் குலுக்கிய குப்பி ஒரு வாரம் அலுமாரிக்குள் இருட்டில் இருக்கும். அதற்குப் பிறகுதான் வெளியே எடுப்பேன்.

அவர் தப்பவில்லை. இரண்டு வருட நல்ல நடத்தை முப்பது வருடத்துக்கு ஈடாகவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு காலில் மட்டும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதிரையிலேயே சாய்ந்துவிட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

கருமாதி முடிந்த பிறகு கொப்பியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் கணவரின் நண்பர், நகரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். நான் அவரை நாநா என்பேன். மற்றவர் கணவரின் தம்பி.

நாநா வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, நான் பகல் சாப்பாட்டுக்கு வந்திருக்கும் நேரம் பார்த்து வருவார். கேட்டுக்கு வெளியேதான் நிற்பார். கணவர் இருந்தபோது குசினிவரை வந்து சட்டியைத் திறந்து பார்த்தவர், இப்போது தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுப் படியில் கால் வைப்பதில்லை. அது மரியாதை என்று எனக்குத் தெரியும். குப்பியைக் கேட்டின் கம்பிகளுக்கு நடுவால் நீட்டுவேன். ஒருமுறை அவருக்கு, அவர்கள் பெருநாளுக்கு அவிக்கும் வட்டிலாப்ப இனிப்பின் வாசனை வேண்டுமாம். ஏலமும் கருப்பட்டியும் சேர்த்து மூன்று தடவை கலந்து பார்த்துக் கொடுத்தேன். அங்கேயே ஒரு இழுப்பு இழுத்து, கண்ணை மூடி யோசித்தார்.

"தங்கச்சி, வட்டிலாப்பம் இல்ல இது. வட்டிலாப்பம் அவிச்ச சட்டிய கழுவின தண்ணி."

"அப்ப திருப்பித் தாங்க நாநா."

"என்னத்துக்கு? கழுவின தண்ணியும் நல்லாத்தான் ஈக்கிது."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எப்போது வந்தாலும் அவ்வளவுதான்: நான்கு நிமிடம், கூடிப்போனால் ஐந்து.

ஆகவே, வீட்டுக்குள் வந்து கதிரையில் உட்காரும் ஆள் கணவரின் தம்பி ஒருவர்தான். அவர் வீடு ஹேவாஹெட்டயில். வேலை கண்டியில் ஒரு ஹாட்வெயார் கடையில். காலையிலும் மாலையிலும் என் வீட்டு வீதியால்தான் மோட்டார் சைக்கிளில் போகிறார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து, குப்பி தீர்ந்தால் மட்டுமே அது கேட்டுக்கு முன்னால் நிற்கும். தேத்தண்ணி குடிப்பார். கடைக்கு வந்த பேய்க்குணம் பிடித்த வாடிக்கையாளர்களைப் போல நடித்துக் காட்டுவார். போய்விடுவார். நாட்குறிப்பில் வந்த நேரமும் போன நேரமும் எழுதியிருக்கிறேன். அரை மணித்தியாலத்தைத் தாண்டியது ஐந்து தடவை.

போன வருடம் அப்படியொரு சனிக்கிழமை அவர் நடிக்கவில்லை. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணி, இத விடணும். அண்ணன் போன வயசு எனக்கு வர இன்னும் மூணு வருசந்தான் இருக்கு. அதுக்குள்ள விட்டுறணும்."

"ஒரேயடியா விட வேணாம் தம்பி. படிப்படியா குறைப்போம்."

அன்றே கோடு போட்டு ஒரு அட்டவணை எழுதினேன். அப்போது அவருடைய பலம் பன்னிரண்டு, அதாவது ஒரு மில்லிலீற்றருக்குப் பன்னிரண்டு மில்லிகிராம் நிகோட்டின். ஒரு மாதம் ஒன்பது, அடுத்த மாதம் ஆறு, பிறகு மூன்று, பிறகு சைபர். ஒரு மாதத்துக்கு இரண்டு குப்பி. அவர் அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

ஒன்பதை நேர்மையாகத்தான் கலந்தேன். முதல் வாரம் தலை இடித்ததாம், பிறகு பழகிவிட்டதாம். இரண்டாவது ஒன்பதை எடுத்துப்போக வந்த அன்று, ஹெல்மட்டை மாட்டியபடி சொன்னார்:

"இன்னும் ரெண்டு மூணு மாசம்தான் அண்ணி. அப்புறம் உங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல. சனிக்கிழமைல நிம்மதியா இருக்கலாம்."

எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமை ஆறு கலக்க உட்கார்ந்தேன். கையுறை போட்டேன், தராசைச் சைபருக்குக் கொண்டுவந்தேன், நிகோட்டினை விட்டேன். ஆறுக்கான எடை வந்ததும் கை நின்றது. பிறகு, துளித் துளியாக, ஒன்பதுக்கான எடை வரும்வரை விட்டேன். கவனக்குறைவு என்று சொல்ல வழியில்லை. இரண்டு தசமதானத்துக்கும் சரியாக விட்டேன். லேபலில் ஆறு என்று எழுதினேன். கொப்பியிலும் ஆறு என்றே எழுதினேன். அவருக்குக் கஷ்டமில்லாமல் மெதுவாகப் போகட்டும் என்பதற்காக இப்படிச் செய்கிறேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வளவு பலத்தில் இருப்பவர் நிறுத்தமாட்டார், நிறுத்தாதவர் வருவார் என்பதுதான் உண்மை.

அவர் துள்ளிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணுமே தெரியல அண்ணி! தலையிடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க கையே கை. கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அன்று நாற்பது நிமிடம் இருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷத்துக்குப் பிறகுதான். இரண்டாவது ஆறும் ஒன்பதுதான். மூன்று என்று எழுதிய இரண்டு குப்பிகளும் ஒன்பதுதான். இடையில் நாநா கேட்டில் நின்றபடி, "ஒங்கட கொழுந்தன் மூணுக்கு எறங்கிட்டாராமே? எனக்கு அந்தப் படியெல்லாம் வாணாம் தங்கச்சி, நான் மேலேயே ஈக்கிறன்" என்றார். சிரித்து வைத்தேன்.

சைபர் வரும்போது என்ன செய்வது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அட்டவணை போடுகிறவள் அதற்குப் போடவில்லை.

யோசிக்க அவரும் விடவில்லை. கடைசிக் குப்பி முடிந்த வாரம் வேலையிலிருந்து ஃபோன் எடுத்தார். "சைபர் வேணாம் அண்ணி. மூணுலேருந்து சைபர் என்னா பெரிய தூரமா? நேத்தோட தூக்கிப் போட்டுட்டேன்." மருந்து வாங்க ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். "நல்லது தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எட்டாவது நாள், மதியம், அவருடைய மனைவி பாமசிக்கே அழைத்தாள்.

"அக்கா, நீங்கதான் அவருகிட்ட கொஞ்சம் பேசணும். மனுசன் தூங்குறதே இல்ல. கடையில மொதலாளியோட சண்ட. நேத்து ஒரு பக்கட் சிகரட் வாங்கிட்டு வந்துட்டாரு. வெறும் மூண விட முடியாத நான்லாம் ஒரு மனுசனான்னு கேக்குறாருக்கா. பிள்ளைங்க முன்னாடி அழுவுறாரு."

அன்று மாலைவரை எத்தனை மருந்துச் சீட்டு பார்த்தேன் என்று நினைவில்லை. ஒவ்வொரு குப்பியையும் இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறினேன். கொப்பியை எடுத்துப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்ததால் தலாத்துஓயா தாண்டியும் கண்ணாடிகள் மூடியே இருந்தன. அவருடைய வீடு வீதிக்கு மேலே, தேயிலைச் செடிகள் பின்வாசல்வரை வந்து நிற்கும் இடத்தில் இருக்கிறது. வாசற்படியில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் சிகரட்டைக் கைக்குள் மறைத்தார். அண்ணனைக் கண்டாலும் அப்படித்தான் மறைப்பார்.

நின்றபடியே சொன்னேன்.

"தம்பி, அந்தக் குப்பியில மூணு இல்ல."

"என்னா?"

"ஒன்பது. ஆறுன்னு குடுத்ததுலயும் ஒன்பதுதான்."

அவர் என்னைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். பிறகு அவரே எனக்குத் தப்பிக்க ஒரு வழி சொன்னார்.

"பெட்டரி இறங்கியிருக்கும் அண்ணி. தராசு பிழையா காட்டியிருக்கும். நம்ம கடையிலயும் அப்படித்தான், ஆணி நிறுக்கிற தராசு..."

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் என்னைச் சமாதானப்படுத்தியிருப்பார்.

"தராசு சரி. நான்தான் வேணும்னே போட்டேன்."

"எதுக்கு?"

"சைபர் ஆனா நீங்க வரமாட்டீங்கன்னு."

உள்ளே அவருடைய மனைவி தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவும் சத்தம் நின்றது. அவர் சிகரட்டைப் படியில் நசுக்கினார்.

"இத்தனை நாளா என்னைய நானே செருப்பால அடிச்சிக்கிட்டு இருந்தேன் அண்ணி. அண்ணன் மாதிரித்தான் நானும் போவேன்னு முடிவே கட்டிட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் ஃபோன்ல சொன்னப்பவாவது."

"சொல்லியிருக்கணும்."

எழுந்து தேயிலைக்குள் ஏறிப் போய்விட்டார். நான் இருந்த ஒன்றரை மணித்தியாலத்தில் திரும்பி வரவில்லை. மனைவி தேத்தண்ணி தந்தாள். பிஸ்கட் தட்டையும் வைத்தாள். எதிரே உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "பஸ் வர்ற நேரமாச்சுக்கா" என்றாள். பிஸ்கட்டை நான் தொடவில்லை.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரமும் மோட்டார் சைக்கிள் வழக்கம்போல வீதியால் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் போகவில்லை. நான்காவது சனிக்கிழமை கேட்டுக்கு முன்னால் நின்றது. உள்ளே வந்தார், ஹெல்மட்டை மேசையில் வைத்தார்.

"முதல்லேருந்து ஆரம்பிப்போம். ஒன்பது. ஆனா நான் பாக்கணும். தராச இந்தப் பக்கம் திருப்புங்க."

திருப்பினேன். நான் விட, அவர் எண்களைச் சத்தமாக வாசித்தார். லேபலை அவரே எழுதினார். அவருடைய ஒன்பது, வால் வளைந்து, ஒரு பிள்ளையின் எழுத்துப்போல இருந்தது. குப்பி ஒரு வாரம் இருட்டில் இருக்க வேண்டும் என்றபோது, மூடியின் மேல் ஒரு துண்டு டேப்பைச் சுற்றி அதில் கையெழுத்துப் போட்டார். அடுத்த சனிக்கிழமை டேப்பைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப்போனார்.

அப்படியே ஒன்பது, ஆறு, மூன்று. கலக்க ஒரு நாள், எடுத்துப்போக ஒரு நாள் என்று, மூன்று மாதத்தில் பன்னிரண்டு சனிக்கிழமைகள் வந்தார். கலக்கும் நாட்களில் ஒரு மணித்தியாலம் குறையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் என் வீட்டில் அவ்வளவு நேரம் இருந்ததில்லை, அவ்வளவு குறைவாகப் பேசியதும் இல்லை. தராசிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். தேத்தண்ணியை வைத்தால் குடிப்பார். ஆறுக்கு இறங்கிய வாரம் அவருக்குத் தலையிடி வந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. மூன்றாவது மாதத்தில் ஒருநாள், சீமெந்து மூட்டையை முகர்ந்து பார்த்து வாங்கிய வாடிக்கையாளர் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சைபர் குப்பியையும் நிறுத்துத்தான் கொடுத்தேன். கிளிசரினும் புதினா வாசனையும் மட்டும். அதில் பாதியைத்தான் பாவித்தாராம். ஒரு புதன்கிழமை ஃபோன் எடுத்து, "விட்டுட்டேன் அண்ணி. இன்னையோட பத்து நாள். இந்தத் தடவ நெசமாத்தான்" என்றார். சந்தோஷப்பட்டேன். அவருடைய வயதை எண்ணிப் பார்த்தேன், அண்ணனுடைய வயதுக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேலிருந்தது.

அதற்குப் பிறகு வர அவருக்கு ஒரு வேலையும் இல்லை. ஆறு சனிக்கிழமைகள் போயின. நாநாவுக்கு வெள்ளிக்கிழமைகளில் கேட்டுக் கம்பிகளுக்கு நடுவால் குப்பியை நீட்டினேன். சனிக்கிழமை மதியங்களில் அலுமாரியைத் துடைத்தேன், துடைத்த அலுமாரியைத் திரும்பவும் துடைத்தேன்.

ஏழாவது வாரம், செவ்வாய்க்கிழமை, ஹாட்வெயார் கடையில் சனம் குறைந்திருக்கும் நேரம் பார்த்து அவருக்கு அழைத்தேன். இத்தனை வருடத்தில் நானாக அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை.

"சனிக்கிழமை சாப்பிட வாங்க தம்பி."

"என்ன விசேசம் அண்ணி?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

பின்னால் யாரோ இரும்புக் குழாய் வெட்டும் சத்தம். அது நின்ற பிறகு கேட்டார்.

"சோத்துல ஒண்ணும் கலந்துற மாட்டீங்கதானே?"

எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. அவர் சிரித்துவிட்டார். பிறகு நானும் சிரித்தேன்.

"இந்தச் சனி கடையில ஸ்டொக் எடுக்குறாங்க அண்ணி. முடிஞ்சா வாறேன். பாப்போம்."

சனிக்கிழமை சூரை மீன் குழம்பு வைத்தேன், போஞ்சி வதக்கினேன், இரண்டு பேருக்கு அரிசி போட்டேன். இரண்டரை மணிவரை பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் போட்டுச் சாப்பிட்டேன். மிஞ்சியதை இரவுக்கும் மறுநாளுக்குமாக எடுத்து வைத்தேன். மாலையில் மோட்டார் சைக்கிள் ஹேவாஹெட்டப் பக்கம் போனது.

செவ்வாய்க்கிழமை, அதே நேரத்துக்கு, மறுபடியும் அவருக்கு அழைத்தேன்.